தரகர் தீர்த்தகிரி பேசி முடித்த கல்லூரி இடம்

பாப்பாரப்பட்டி மாட்டுத் தரகர் தீர்த்தகிரி, சென்னையில் ஒரு கல்லூரி முதல்வரின் தலையில் துண்டைப் போட்டுவிட்டு வந்தார் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. துண்டு விழுந்தது முதல்வரின் கைமேல். நடந்தது 1940ஆம் வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். அந்த அறையின் வாசலில் நான் நின்றிருந்தேன்.

தீர்த்தகிரிக்கு அப்போது வயது ஐம்பதுக்குள். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் சந்தைகளில் அவர் இல்லாமல் நல்ல ஜோடி கைமாறியதில்லை. காவிரிக் கரைக் காட்டுப் பட்டிகளில் வளர்ந்த ஆலம்பாடி மாடு என்றால், தூரத்தில் நடந்து வரும்போதே எந்தப் பட்டி என்று சொல்லிவிடுவார். ஐந்தில் ஒன்று தப்பாகவும் இருக்கும். அதையும் உரத்துத்தான் சொல்வார். மைசூர்ச் சீமைச் சந்தைகளுக்கும் போய் வந்ததால் கன்னடமும் பேசுவார். கையெழுத்து மட்டும் வராது.

அவருக்கும் கண்ணம்மாளுக்கும் ஒரே மகன், ராஜாமணி. தர்மபுரி ஹைஸ்கூலில் படித்து, சேலம் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, கணக்கில் முதல் வகுப்பு வாங்கியிருந்தான். மேலே கணித ஆனர்ஸ் படிக்க வேண்டும், அதுவும் சென்னையில்தான் படிக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். பெங்களூர் கிட்டத்தில் இருந்தாலும் அது வேறு சமஸ்தானம். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்து பத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சேலத்துப் பையன்கள் அதைப் பற்றிப் பேசும்போது உதட்டைப் பிதுக்குவார்கள். தீர்த்தகிரியும் அப்படியே. "புதுச் சந்தைக்கு நல்ல மாடு ஓட்டறவன் உண்டாடா?" என்று அவரும் சந்தையில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார்.

தர்மபுரியிலிருந்து சின்ன ரயிலில் மொரப்பூர் வந்து, அங்கே பெரிய வண்டி பிடித்துச் சென்னை போனோம். எனக்குப் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் வேலை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் துணைக்கு வரச்சொன்னார்கள்.

கல்லூரிச் சுவரில் தேர்ந்தவர்கள் பெயரை ஒட்டியிருந்தார்கள். ராஜாமணி பெயர் இல்லை. காத்திருப்போர் பெயர்களில், வெகு கீழே இருந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. தீர்த்தகிரி முகத்தில் ஒன்றும் இல்லை. "செவுத்துல எழுதினது சந்தை விலைடா. உள்ள போயி கேக்கறதுதான் விலை" என்று சொல்லிக்கொண்டு நேரே முதல்வர் அறைக்குள் போய்விட்டார்.

முதல்வர் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக இருந்தார். கோபக்காரர் அல்ல. உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டு, "பையன் கெட்டிக்காரன்தான். ஆனா இடம் இல்லை. அடுத்த ஆள் வெளியில காத்திருக்கார், போயிட்டு வாங்க" என்றார். சொல்லிவிட்டு எழுந்து, மரியாதையாகக் கையை நீட்டினார்.

இங்கே எங்கள் சந்தை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாட்டு விலையை யாரும் வாயால் பேசுவதில்லை. இருவரும் கைகோர்த்து, மேலே துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கை முழுதும் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாய் வேறு பேசும், கை வேறு பேசும். "கட்டாது, போய் வா" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையை நீட்டுகிறவன்தான் விற்கப்போகிறவன். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தீர்த்தகிரி கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முதல்வர் கைமேல் விரித்தார். அதற்குள் தன் கையை விட்டு, முதல்வரின் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து அழுத்தினார். ஒரே ஓர் இடம் என்று அர்த்தம். முதல்வர் திகைத்துப்போய்க் கையை உருவப் பார்த்தார். உருவும் அவசரத்தில் அவர் கை தீர்த்தகிரியின் இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்துவிட்டது. பிறகு விட்டுவிட்டது. துண்டுக்குள் நடந்ததைத் தீர்த்தகிரி பிறகு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நன்றாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"முடிஞ்சுது. ஒண்ணு கேட்டேன், ரெண்டு குடுத்துட்டாரு. நல்ல மனுசன்."

ராஜாமணிக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, அது அவங்க கும்பிடற மாதிரிப்பா. இங்கிலீஷ்காரன் கும்பிடு."

"கும்பிடுன்னா அவரு ரெண்டு கையும் அவருகிட்டத்தானே இருக்கணும்? எதுக்குடா என் கையக் கேட்டாரு?"

"அவருக்கு நம்ம வழக்கம் தெரியாதுங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தெரியாதவன் அந்தப் பிடி பிடிக்க மாட்டான்" என்று முடித்துவிட்டார்.

அடுத்த சந்தையிலேயே விஷயம் பரவிவிட்டது. பரப்பியவர் அவரேதான். பட்டணத்தில் இரண்டு இடம் பேசி முடித்திருப்பதாகவும், ஒன்று தன் மகனுக்கு, மற்றொன்றுக்கு நல்ல பையனாகப் பார்ப்பதாகவும் சொன்னார். மறுநாளே பாலக்கோட்டு மாதப்பன் வந்துவிட்டார். கரும்பும் நெல்லும் போடுகிற பெரிய விவசாயி. அவர் மகன் முனிரத்தினமும் ராஜாமணியோடு சேலத்தில் படித்தவன்தான். சரித்திரத்தில் ஆசை, மார்க்கு நடுத்தரம்.

"தரகரே, அந்த ரெண்டாவது இடம் நம்ம பையனுக்கு ஆகுங்களா?"

"வாக்கு குடுத்தேன் கவுண்டரே. போயி பெட்டி வாங்குங்க."

"தரகு என்ன?"

"படிக்கிற புள்ளைக்கு தரகு வாங்கினா என் மாடு பால் குடுக்குமா?"

மாதப்பன் தகரப் பெட்டி வாங்கிவிட்டார். ராஜாமணி வீட்டில் சோறு சரியாகத் தின்னாமல் கிடந்தான். கல்லூரியிலிருந்து கார்டு வரவில்லை. கண்ணம்மாள் தபால்காரர் வரும்போதெல்லாம் தெருவுக்கு வந்து நிற்பார். கடைசியில் ஒருநாள் புருஷனைக் கேட்டார்: "ரெண்டு வெரலு புடிச்சாருன்னு சொன்னீங்களே, எதுக்கும் இன்னொருக்கா போயி மூணாவது வெரலு இருக்குதான்னு பாத்துட்டு வாங்களேன்."

இரண்டாம் பயணத்தில் நான் இல்லை. ராஜாமணியும் மாதப்பனும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கல்லூரி திறக்கச் சில நாட்களே இருந்தன. இரண்டு அப்பாக்களும் இரண்டு பிள்ளைகளும் முதல்வர் முன்னால் நின்றார்கள். அவர் தீர்த்தகிரியைக் கண்டதும் கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். தீர்த்தகிரி, "ரெண்டு பேரையும் கூட்டியாந்துட்டேனுங்க" என்றார். முதல்வருக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜாமணிதான் தலையைக் குனிந்தபடி சந்தை வழக்கத்தை விளக்கிச் சொன்னான். முதல்வர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை குமாஸ்தா எட்டிப் பார்த்தாராம். தீர்த்தகிரி சிரிக்கவில்லை. தான் பேசியது பேச்சே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்தில் மாதப்பன் நிற்கிறார். மாதப்பன் காலடியில் புதுப் பெட்டி இருக்கிறது.

"அப்ப இடம் இல்லீங்களா?"

"இல்லை. இருந்தா கொடுத்திருப்பேன்" என்ற முதல்வர், வெளித் தாழ்வாரத்தைக் காட்டினார். பெஞ்சு முழுதும் அப்பாக்கள். "அவர் திருநெல்வேலி. அந்தத் தாடிக்காரர் கடப்பை. அதோ தூங்கறவர் கோயமுத்தூர். எல்லாரும் இந்த ஒரு கதவுக்குத்தான் வராங்க."

"எங்க பக்கத்துல ஒரே ஒரு சந்தை இருந்தா அப்பிடித்தானுங்க இருக்கும். விக்கறவன் வெச்சதுதான் விலை. இம்மாம் பெரிய சென்னை ராஜதானிக்கு இது மாதிரி இன்னும் நாலு வெக்கக் கூடாதுங்களா?"

"கட்டடம் நாலு கட்டலாம். வாத்தியாருக்கு எங்கே போறது? இங்கே இருக்கிறவங்களையே நாலாப் பிரிச்சா இதுவும் இளைக்கும், அதுவும் தேறாது. ஒரு நல்ல கல்லூரி உருவாக முப்பது வருஷம் ஆகும்."

"இன்னிக்கு ஆரம்பிச்சாத்தானுங்களே முப்பது வருசம் ஆவும்?"

"அது சரி. ஆனா அந்த முப்பது வருஷம் அரைகுறையாப் படிச்சவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

இது நியாயமான கேள்வி என்று தீர்த்தகிரிக்கே பட்டதாம். பிறகு சொன்னார்: "பொலிகாளையை ஒரே பட்டியில கட்டி வெச்சா அந்தப் பட்டிதானுங்க கொழுக்கும். நாலு ஊருக்கு அனுப்பினாத்தான் எல்லா ஊர்லயும் நல்ல கன்னு எறங்கும். மொதல் ஈத்துல கொஞ்சம் சுமாராத்தான் இருக்கும். மூணாவது ஈத்துல பாக்கணும்."

"என் பேராசிரியர்களைப் பொலிகாளைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"நல்ல சாதிக் காளைன்னுதான் சொன்னேனுங்க."

முதல்வர் மறுபடி சிரித்தார். ஆனால் இடம் தரவில்லை. அவர் சொன்னதிலிருந்து அவர் இறங்கவில்லை, இவர் சொன்னதிலிருந்து இவர் இறங்கவில்லை. கடைசியில் முதல்வர், "சிதம்பரத்தில் இந்த வாரம் வரைக்கும் விண்ணப்பம் வாங்கறாங்க. என்கிட்டப் படிச்சவர் ஒருத்தர் அங்கே கணக்குச் சொல்லித்தரார். இன்னிக்கே கிளம்புங்க" என்று சொல்லி எழுந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

தாழ்வாரத்தில் சண்டை மூண்டது. சண்டை போட்டது ராஜாமணி.

"நான் சிதம்பரம் போவலப்பா. அடுத்த வருசம் இங்கியே திரும்பக் கேக்கறேன்."

"ஏன்?"

"நீங்கதானே புதுச் சந்தைக்கு நல்ல மாடு வராதுன்னு சொன்னீங்க?"

மாதப்பன் பெட்டிமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "தரகரே, இது நம்ம காதுல விழுந்த பேச்சுதான்" என்றார்.

தீர்த்தகிரி மாதப்பனைப் பார்த்து ஆமென்று தலையாட்டினார். பிறகு, "சொன்னேன். உள்ள ஒரு பெரிய மனுசன்கிட்ட நாலு புதுச் சந்தை வெய்யுங்கன்னு கேட்டுட்டு, வெளிய வந்து வெச்ச சந்தைக்கு போவ மாட்டேன்னா அது என்னா பேச்சு? நான் கேட்டது மத்தவன் புள்ளைக்கா?" என்றார்.

ராஜாமணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"சந்தை பேரு மாட்டுக்கு ஒட்டாதுடா. அங்க வாத்தியாரு சரியில்லைன்னா ஒரு கார்டு போடு. நானே வந்து ஓட்டியாந்துடறேன்."

"ஓட்டியாறதுக்கு நான் என்னா மாடா?"

"இப்ப மாடு மாதிரிதான் நிக்கறே. நட."

முனிரத்தினம் வாய்விட்டுச் சிரித்தான். ராஜாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாதப்பன் எழுந்ததும், கோபமும் சிரிப்புமாக அங்கே இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அது மாதப்பன் வீட்டுப் பெட்டி என்பதைக் கவனிக்கவில்லை.

சிதம்பரத்தில் நேர்முகம் ஒரு பெரிய ஹாலில். உள்ளே போகுமுன் ராஜாமணி நின்று, "அப்பா, துண்டை எங்கிட்டக் குடுங்க" என்றான். தீர்த்தகிரி கொடுத்தார். ஒரு பாதுகாப்புக்காக மாதப்பனுடைய துண்டையும் வாங்கிக்கொண்டான். கையில் இரண்டு துண்டோடு நின்ற பையனைப் பார்த்து, முதல்வர் சொன்ன கணக்குப் பேராசிரியர், "தம்பி எங்கேயாவது குளிக்கப் போறியா?" என்று கேட்டாராம். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுச் செய்யச் சொன்னார். ராஜாமணி செய்தான். பேராசிரியர் அதைவிடச் சுருக்கமாக வேறொரு வழியில் செய்து காட்டினார். அது ராஜாமணிக்குத் தெரியாத வழி. அவன் சாக்கட்டியை வாங்கி, "இந்த எடம் எப்பிடி வந்துதுங்க சார்?" என்று கேட்டான். அவர் சொல்ல, இவன் கேட்க, அடுத்த பையன் வாசலில் காத்திருந்தான். வெளியே வந்தபோது ராஜாமணி சென்னைப் பேச்சை எடுக்கவில்லை. அன்று மாலையே இருவருக்கும் இடம் கிடைத்தது. இவனுக்குக் கணித ஆனர்ஸ், முனிரத்தினத்துக்குச் சரித்திரம்.

ஊர் திரும்பியதும் தீர்த்தகிரி செய்த காரியத்தை நான் கண்ணால் பார்த்தேன். சந்தை நாளில் மாடுகள் கட்டுகிற புளியமரத்தடியில் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பட்டணத்துல நான் பேசினது பேச்சு இல்லீங்க. அவரு சும்மா கை குடுத்தாரு, நான் விலைன்னு நெனச்சிட்டேன். சிதம்பரத்துலதான் முடிஞ்சுது. ரெண்டு இடமும் முடிஞ்சுது."

முடியாத பேரத்தை முடிந்ததாகச் சொன்ன தரகரை யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை. அதனால் இதைத் தானே சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று சந்தைக்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் விடுவார்களா? அதியமான்கோட்டையிலிருந்து வந்த ஒரு வியாபாரி, "என்னா தரகரே, புதுச் சந்தை பக்கம் போயிட்டீங்க போல?" என்றார்.

"சந்தை புதுசுதான். மாடு நம்ம மாடு."

"அப்ப பட்டணம் பெருசு இல்லீங்களா?"

"பெருசுதான். பெருசா ஒண்ணே ஒண்ணு இருந்தா யாருக்கு ஆவும்? கோயில் தேரும் பெருசு. அதுல ஏறி சந்தைக்கு வர முடியுமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் மாதப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தன் உழவு மாடு ஒரு ஜோடியை விற்க வேண்டும் என்றார். "யார்கிட்டப் பேசறது, தரகர்கிட்டத்தான்" என்று கயிற்றைத் தீர்த்தகிரி கையில் கொடுத்தார். அன்றைக்குத் தீர்த்தகிரி நாலு ஜோடி முடித்துக் கொடுத்தார்.

ஜூலை முதல் வாரம் பிள்ளைகள் புறப்பட்டார்கள். தர்மபுரி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நானும் போனேன். ராஜாமணியின் தலையணை உறைக்குள் கண்ணம்மாள் கேழ்வரகு மாவும் நிலக்கடலையும் திணித்திருந்தார். மாதப்பன் முனிரத்தினத்துக்கு ஐந்தாவது தடவையாகப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

தீர்த்தகிரி ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "சின்ன ரயிலு, பெரிய ரயிலு, அப்புறம் இன்னொரு ரயிலு. ஒரு புள்ளை படிக்க மூணு ரயிலு ஏறணுங்களா? இங்க தர்மபுரியிலியே ஒண்ணு வெச்சா என்னாங்க?"

"காலேஜா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"காலேஜ் இல்லீங்க, பல்கலைக்கழகம். காலேஜ் சேலத்துலியே இருக்குது."

"எடம் எங்கே இருக்கு?"

"எங்க கொல்லையில மேட்டு நெலம் இருக்குதுங்க. சோளம்தான் போட்டிருக்கேன். அறுத்ததும் தரேன்."

"சரி, வாத்தியாருக்கு?"

"அதுக்குத்தான் ரெண்டு பேரை இப்ப அனுப்பறேன். போயி கத்துக்கிட்டு வரட்டும்."

வண்டி ஊதியது. ராஜாமணி படிக்கட்டில் நின்று பெட்டியை வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். பெட்டி தீர்த்தகிரியின் காலடியிலேயே இருந்தது. அவர் மேட்டு நிலத்தில் எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணம்மாள் குனிந்து பெட்டியை எடுத்து மகனிடம் கொடுத்தார். "மொதல்ல புள்ளை வண்டி ஏறட்டும். சோளம் அறுக்க இன்னும் மூணு மாசம் இருக்குது, அதுக்குள்ள நீங்க கட்டி முடிச்சிடுங்க" என்றார்.